வெள்ளைப் பெட்டிக்குப் போகாத ஊசி

வார்டைச் சுத்தம் செய்யும் அக்கா கையுறையைக் கழற்றியபோது நடுவிரல் நுனியில் கடுகளவு ரத்தம் இருந்தது. குப்பை போடும் மஞ்சள் பையைக் கட்டும்போது உள்ளேயிருந்து ஊசி குத்திவிட்டதாம். வலியைவிட, எங்கள் வேலையைக் கெடுத்துவிட்டோமே என்ற கூச்சம்தான் அவர் முகத்தில் தெரிந்தது.

அம்பத்தூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் டாக்டராகச் சேர்ந்த முதல் வருடம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை. சேக்காட்டிலிருந்து வேலைக்கு வந்த அந்த அக்காவுக்கும் என்மேல் பெருமைதான். துப்புரவுப் பணியாளர்களுக்குத் தொற்றுத் தடுப்பு வகுப்பு எடுத்தது நான். குத்தின ஊசி நேராக வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும், வேறெங்கும் கூடாது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவர் அவர்.

அன்று காலை ஏழாம் படுக்கை நோயாளிக்கு ரத்தம் எடுத்தது நான். பெட்டி வார்டின் மறுகோடியில் இருந்தது. அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பல். ஊசியைப் பஞ்சில் சுற்றித் தட்டில் வைத்தேன், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று. அதற்குள் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிட்டார். நான் மறந்துபோனேன். யாரோ தட்டைப் பையில் கவிழ்த்துவிட்டார்கள்.

தொற்றுத் தடுப்பு நர்ஸ் எங்களை நிற்கவைத்து, யார் போட்ட ஊசி என்று கேட்டார். எந்த நோயாளியுடையது என்று தெரிந்தால் அவருடைய ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிடலாம், எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற அக்காவின் பயம் பெரும்பாலும் அன்றே தெளிந்துவிடும். அது எனக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. என் பெயருக்கு எதிரே ஒரு தப்பு எழுதப்படுமே என்பதுதான் அப்போது பெரிதாக இருந்தது. மறுநாள் ஏழாம் படுக்கைக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்.

அக்கா ஒரு மாதம் தடுப்பு மாத்திரை சாப்பிட்டார். சாப்பிட்டதெல்லாம் வாந்தி. கனத்த கையுறை போடாதது அவருடைய தவறு என்று ஒப்பந்த மேற்பார்வையாளர் எழுதிக்கொடுத்தார். வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டாராம். அதற்கு அவசியமே இல்லை என்று சொல்வதற்குக்கூட நான் அவர் எதிரில் போய் நிற்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, கடைசிப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. நடையில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"தெரியும்மா. நீ ஏழாம் நம்பருக்கு ரத்தம் எடுத்துகினு இருந்தத பாத்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா யாரு நம்புவா? டாக்டரு மேல பழி போடறேன்னு அனுப்பிடுவாங்க. நீயே சொல்லுவேன்னு இருந்தேன். சாயங்காலம் சொல்லுவ, காலைல சொல்லுவன்னு பாத்துகினே இருந்தேன். அப்பால அந்தாளு ஊட்டுக்குப் போய்ட்டாரு." குரலில் கோபம்கூட இல்லை. "சரி, நவுரும்மா. தரை ஈரமா கீது."

நான் நகர்ந்தேன்.

இப்போது பூந்தமல்லியில் வேறொரு மருத்துவமனையில், புதிதாக வரும் டாக்டர்களுக்கு இந்தப் பாடத்தை நான் எடுக்கிறேன். அந்த அக்காவின் கதையை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ஊசியைத் தட்டில் விட்டவர் யார் என்று வரும் இடத்தில் மட்டும், இதுவரை, "ஒரு டாக்டர்" என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன்.