மூன்றாம் நம்பர் தப்பு

வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் பின்வரிசைக்கு நடந்து, கடைசி பெஞ்சில் சுவரோடு சுவராக உட்கார்ந்துவிடுவார். ஐந்தாவது நிமிடத்தில் பிள்ளைகள் அவரை மறந்துவிட வேண்டும். மறக்கவில்லை என்றால் அன்றைக்கு வந்ததே வீண் என்பது அவர் கணக்கு. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டதும் மேசைக்கு அடியில் அவருடைய இடது கை விரல்கள் மடங்கத் தொடங்கும். கேள்வி கேட்டபிறகு பிள்ளைகள் யோசிப்பதற்கு ஆசிரியர் எத்தனை நொடி பொறுக்கிறார் என்ற எண்ணிக்கை அது. பெரும்பாலும் சுண்டுவிரல் மடங்குவதற்குள் ஆசிரியரே பதிலையும் சொல்லி முடித்திருப்பார்.

பள்ளிகளில் இவரைக் 'கடைசி பெஞ்சு மேடம்' என்பார்கள். இருபது வருடம் பௌதிகம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பதினொரு வருடமாக அறிவியல் ஆசிரியர்களுக்குக் கைகொடுக்கும் வேலையில் இருக்கிறார். பன்னிரண்டு பள்ளிகள், முப்பத்தெட்டு ஆசிரியர்கள். தோள்பையில் ஊசியில்லாத சிரிஞ்சு ஒரு டஜன், பலூன்கள், ஒரு முழம் சைக்கிள் டியூப். பாடத்தைச் சொல்லாதீர்கள், ஒரு நிகழ்வைக் காட்டுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் படம் போடட்டும். அந்தப் படம் சரிதானா என்று அவர்களே சோதித்து அவர்களே திருத்தட்டும். தடம் மாறினால் ஒரு கேள்வியால் மட்டும் திருப்புங்கள். இதைத்தான் பள்ளி பள்ளியாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிள்ளைகள் எதைச் சொன்னாலும், சரியோ தப்போ, "எதை வச்சு சொல்ற?" என்று கேட்க வேண்டும் என்பார். வீட்டிலும் அதே வாய்தான். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் காலையில் ஜன்னலைப் பார்த்து, இன்றைக்கு மழை வரும் என்றால் போதும், "எதை வச்சு சொல்றீங்க?" வந்துவிடும். "எதையும் வச்சு சொல்லலம்மா, வாய் தவறி வந்துடுச்சு" என்று அந்த மனிதர் குடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவருடைய முப்பத்தெட்டு பேரில் ஒருத்தி 'எக்ஸ்பிரஸ் டீச்சர்'. முப்பது வயதுப் பெண். பாடம் எடுக்கத் தொடங்கினால் எந்த நிலையத்திலும் நிற்க மாட்டாள். முதல் தடவை அவள் வகுப்பில் உட்கார்ந்தபோது மேடத்தின் சுண்டுவிரலுக்கு வேலையே இருக்கவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் மாடிப்படியில் உட்கார்ந்தும் பேருந்து நிறுத்தத்தில் நின்றும் இரண்டு பேரும் பேசினார்கள். மெல்ல மெல்ல அந்தப் பெண்ணின் வண்டி நிற்கக் கற்றுக்கொண்டது. அப்படித்தான் மேடம் நம்பினார்.

ஒன்பதாவது மாதம் அந்த வகுப்பு நடந்தது. சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை அழுத்தினால் பாதி தூரம் போகிறது, அப்புறம் போக மறுக்கிறது. உள்ளே இருக்கும் காற்றுக்கு என்ன ஆயிற்று? கேட்டுவிட்டு எக்ஸ்பிரஸ் டீச்சர் நின்றாள். மேடத்தின் ஒரு கை முழுக்க மடங்கிவிட்டது. ஒரு பையன், காற்று சுருங்கிவிட்டது என்றான். இன்னொருத்தன், பாதி காற்று கசிந்துவிட்டது என்றான். ஜன்னலோரப் பெண் ஒருத்தி, காற்று முழுக்க நுனியில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று அடித்துச் சொன்னாள். வாதம் கிளம்பியது, படம் போட்ட தாள்கள் பலகைக்கு ஏறின. கடைசியில், காற்றைப் புள்ளிகளாக வரைந்திருந்த ஒருத்தி எழுந்து, புள்ளிகள் சிறுக்கவில்லை, புள்ளிகளுக்கு நடுவில் உள்ள இடம்தான் சிறுத்தது என்றாள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினொரு வருட உழைப்புக்கு இந்த ஒரு மணி நேரம் போதும் என்று தோன்றியது.

அடுத்த வாரம் அறுபது ஆசிரியர்கள் கூடும் பயிற்சியில் காட்டுவதற்காக அந்தப் படத்தாள்களை வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். நீள மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். ஜன்னலோரப் பெண்ணின் தாளைத் திருப்பியபோது பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் நாலு வரி இருந்தது.

'தப்பு 3. காத்து நுனியில போய் ஒட்டிக்கும். டீச்சர் கேட்டா உடனே மாத்தக் கூடாது. ரெண்டாவது தடவை கேட்டா மாத்தணும்.'

முதலில் புரியவில்லை. மறுபடி படித்தார். மற்ற தாள்களையும் திருப்பினார். தப்பு 1 இருந்தது. தப்பு 2 இருந்தது. இன்னொரு தாளில், 'சரி பதில், கடைசியில் மட்டும்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. பிள்ளைகளின் யோசனை என்று நினைத்துக் கண் கலங்கினாரே, அது மொத்தமும் ஒத்திகை பார்த்த நாடகம்.

எக்ஸ்பிரஸ் டீச்சர் சிரிஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்க உள்ளே வந்தாள். மேசையில் தாள்கள் குப்புறக் கிடந்ததைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு வார்த்தை கூட மறுக்கவில்லை.

"நீங்க வர்ற அன்னைக்கு மட்டும்தான் மேடம்," என்றாள்.

ஏன் என்று மேடம் கேட்பதற்குள் அவளே சொன்னாள். உண்மையாகவே இரண்டு மூன்று தடவை செய்துபார்த்தாளாம். பிள்ளைகள் நினைத்ததையெல்லாம் பேசினார்கள், வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது, எந்தக் கேள்வியை எங்கே திருப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மேடம் வந்த நாளில் அப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பயந்துதான் பிள்ளைகளுக்கு ஒத்திகை வைத்தாளாம்.

"என்ன ஆகியிருக்கும்? உக்காந்து பேசியிருப்போம்."

"மார்க் குறைஞ்சிருக்கும் மேடம். எனக்கு ஒப்பந்த வேலை. போன வருஷம் உங்க பேப்பர வச்சுத்தான், இங்க என்ன மாதிரியே ஒப்பந்தத்துல இருந்த நெட்டையன் சாரை வேலையவிட்டு அனுப்பினாங்க."

கையில் இருந்த தாள் நழுவி மேசைக்கு அடியில் போனது. அதைக் குனிந்து எடுக்கக்கூட மேடத்துக்குத் தோன்றவில்லை.

ஒவ்வொரு வகுப்புக்கும் அவர் ஒரு படிவம் நிரப்புவார். நாலு கட்டம், கட்டத்துக்கு ஐந்து மார்க், அடியில் இரண்டு வரி குறிப்பு. "இது நமக்குள்ளதான், பயப்படாதீங்க" என்று முப்பத்தெட்டு பேரிடமும் சொல்லியிருந்தார். ஒரு நகல் மட்டும் பதிவுக்காக, அவரை வேலைக்கு வைத்த அலுவலகத்துக்குப் போகும். அது ஏதோ ஒரு அலமாரியில் தூசி தின்றுகொண்டிருக்கிறது என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். எதை வைத்து அப்படி நினைத்தார் என்று அவரை யாரும் கேட்டதில்லை.

நேராகத் தலைமையாசிரியரின் அறைக்குப் போனார். அந்த மனிதர் ஒளிக்கவே இல்லை. படிவ நகல்கள் வைத்த கோப்பு ஒன்றை எடுத்துச் சந்தோஷமாகப் புரட்டிக் காட்டினார். அலுவலகம் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் அனுப்பிவிடுகிறதாம். "உங்க பேப்பர் வந்தப்புறம் எங்களுக்கு ரொம்ப வசதி மேடம். நாங்களா யாரையும் குறை சொல்ல வேண்டியதில்ல பாருங்க" என்றார். நெட்டையன் சாரின் தாளில் மேடத்தின் கையெழுத்து அவரையே பார்த்தது. 'கேள்வி கேட்டபின் அரை நொடிகூடப் பொறுப்பதில்லை.' அதற்கு அடியில் யாரோ சிவப்பில் கோடு போட்டிருந்தார்கள். அடுத்த வரியையும் அவர்தான் எழுதியிருந்தார். 'ஒரு வருடம் கொடுத்தால் நன்றாக வருவார்.' அதற்கு யாரும் கோடு போடவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவர் தோள்பையை இறக்காமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணவர் என்ன என்று கேட்டதற்கு, ஒருத்தர் வேலையில் மண்ணைப் போட்டுவிட்டேன், அது எனக்கே தெரியாது என்றார்.

மறுநாள் நெட்டையன் சாரின் எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"உங்க தப்பு இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன் மேடம்," என்றார் அவர். அப்புறம் கொஞ்சம் இளகி, "இப்ப ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றேன். இங்கயும் வாயுவ அழுத்துறதுதான் பொழப்பு. என்ன, இங்க பின்னாடி உக்காந்து யாரும் எழுதுறதில்ல" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் பல நாள் மேடத்தின் காதைவிட்டுப் போகவில்லை.

அலுவலகத்துக்குப் போய், இனிமேல் நகல் தர முடியாது என்றார். படிவம் இல்லாமல் நீங்கள் வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி என்று அதிகாரி கேட்டார். ஆசிரியர்களைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். படிவம் வராவிட்டால் நீங்களும் வர வேண்டாம் என்று ஐந்து பள்ளிகள் சொல்லிவிட்டன. முப்பத்தெட்டு பேருக்கும் கைப்பட எழுதினார்: உங்களுக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்படவில்லை, அதை நான் கவனிக்கவும் இல்லை. பதினோரு பேர் அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. அவர்களை அவர் குறை சொல்வதில்லை.

எக்ஸ்பிரஸ் டீச்சரும் கூப்பிட மாட்டாள் என்றுதான் நினைத்தார். நாலாவது வாரம் போன் வந்தது.

"நாளைக்கு வாங்க மேடம். யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கல. எனக்கே பயமா இருக்கு."

ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்பக்கம் ஏன் நனைகிறது என்பது அன்றைய கேள்வி. பத்தே நிமிடத்தில் வகுப்பு இரைச்சலாகிவிட்டது. உள்ளே இருக்கும் தண்ணீர்தான் டம்ளர் வழியாகக் கசிகிறது என்று பாதிப் பேர் நின்றார்கள். டீச்சர் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், அப்புறம் அதை எப்படிச் சோதிக்கலாம் என்று அவர்களையே கேட்டாள். ஒருத்தன் உள்ளே பேனா மையை ஊற்றலாம் என்றான். ஊற்றினார்கள், சட்டையிலும் ஊற்றிக்கொண்டார்கள். டம்ளருக்கு வெளியே அரும்பிய தண்ணீரில் மை இல்லை. கசிவுக் கட்சி வாயடைத்துப்போனது.

அப்போது ஜன்னலோரப் பெண் எழுந்தாள். இந்தத் தடவை அவளுக்கு நம்பர் கிடையாது.

"அப்போ அந்தத் தண்ணி இவ்வளவு நேரம் எங்க இருந்துச்சு டீச்சர்? நம்ம கண்ணுக்கு ஏன் தெரியல?"

டீச்சர் பிள்ளைகளைப் பார்த்தாள். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், உதவி கேட்கிற கண்களோடு நேராகக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். பிள்ளைகளும் அவள் பார்வையைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பினார்கள்.

மேடம் அவர்களைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஒரு தாளும் பென்சிலும் கடன் வாங்கிக்கொண்டு, வகுப்பில் ஒருத்தி போலத் தலையைக் குனிந்து, ஒரு டம்ளரை வரையத் தொடங்கினார்.