குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்தவன்

சாரல் காலம். பேரருவிக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏசுவடியான் என்பவன் என் முதுகில் எண்ணெய் தேய்க்கிறான். நாளைக்குத் தென்காசிச் சபையில் தேவனோடு ஒன்றாகிப்போகும் தியானத்தைப் பற்றி நான் பிரசங்கம் செய்ய வேண்டும். அந்தக் காலத்துக் கிறிஸ்தவ மடத்துத் துறவிகள் எழுதியதையெல்லாம் இருபது வருஷமாகப் படித்து வைத்திருக்கிறேன்.

திடீரென்று அவன் கை நிற்கிறது. சோம்பேறி என்று திட்டத் திரும்புகிறேன். அவன் கண் மூடியிருக்கிறது. விரல் நுனியில் எண்ணெய் சொட்டுகிறது. அந்த முகம் எனக்குத் தெரியும். நான் படித்த புத்தகங்களில் அதைத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்கிறான். "பொறுத்துக்கிடுங்க ஐயா. திடீர்னு கர்த்தர் வந்துருதாரு. கை ஓட மாட்டேங்கு."

"என்ன சொல்லி ஜெபிச்சே?"

"ஒண்ணுஞ் சொல்லலியே. சும்மாதான் இருந்தேன்."

எழுதப் படிக்கத் தெரியாதவன். ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லையாம். கர்த்தர் என்னைத் தாண்டி இவனிடமா போக வேண்டும்?

அவனோ, சபைக்கு வருகிற எல்லாருக்கும் இது நடக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். "எனக்கே இப்பிடின்னா, பிரசங்கம் பண்ணுத உங்களுக்குத் தெனமும் வருவாருல்லா?"

"வருவார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் எழுந்து அருவிக்குள் ஓடுகிறேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறேன்.

தண்ணீர்தான் விழுகிறது.