அளவுக் கயிறு

மகன் நேற்று வாங்கி வந்த கட்டிலில் வார்னிஷ் வாடை போகவில்லை. யார் படுக்கப்போகிறார் என்று தெரியாமலே செய்த கட்டில். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் என் சிறுவயதில் ரயிலேறி வந்த மலிவுக் கட்டில்களிலும் இதே வாடைதான்.

தச்சரான என் அப்பா ஆளை அளக்காமல் கட்டில் செய்யமாட்டார். சுரங்கத்து ஆளைச் சுவரோரம் நிறுத்தி, உச்சியிலிருந்து குதிகால்வரை கயிறு பிடித்து, முடிச்சுப் போட்டு, பேர் எழுதிய மரச்சில்லோடு ஆணியில் மாட்டிவைப்பார். காற்றடித்தால் அத்தனை ஆண்களும் சேர்ந்து அசைவதுபோல இருக்கும். சுரங்கக் குழியான ஷாப்டில் யாராவது செத்தால், உடல் மேலே வருமுன் சவப்பெட்டி தயாராக வேண்டும் என்பதால், அதே கயிற்றை வைத்துத்தான் பலகை அறுப்பார்.

அப்பா ஆறு ரூபாய் கேட்ட கட்டிலைக் கடையில் இரண்டுக்குக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே நீளம். சுரங்கத்து ஆட்கள் குடியிருந்த லயனில் பாதிப் பேர் அதை வாங்கி, பாதம் வெளியே நீட்டிக்கொண்டு தூங்கினார்கள்.

ஒருநாள் காலையில் பக்கத்து லயன் மேரியக்கா வந்து நின்றாள். பாறை சரிந்து செத்துப்போன அவள் புருஷன் இன்னும் கீழேயே கிடந்தான். பழக்கத்தில் ஆணிப் பக்கம் திரும்பிய அப்பா, "உங்க வூட்டுக்காரரு அளவு இங்க இல்லியேம்மா" என்றார்.

"கடைக் கட்டிலுதான வாங்கனோம், மேஸ்திரி. இவ்ளோ இருப்பாரு" என்று தலைக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டினாள்.

அப்பா கயிற்றின் ஒரு நுனியை மிதித்துக்கொண்டு மறுநுனியை அவள் கைவரை கொண்டுபோனார். தூக்கிய கை கொஞ்சங்கொஞ்சமாக இறங்கியது. மறுகையால் அதைத் தாங்கிப் பிடித்து, குதிகாலைத் தூக்கி எக்கி நின்றாள்.

"முடிச்சுப் போடாதீங்க. இன்னும் கொஞ்சம் ஒசரம்."