சின்னம் ஒட்டிய சீடி பிளேயரும் தவமணியின் பேரும்

1. முதல் நாள், முதற்பணி

சமூகவியல் பட்டதாரிகள் சமூகத்தை மாற்றுவார்கள் என்று பல்கலைக்கழகத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. எதிலிருந்து தொடங்குவது என்பது மட்டும் சொல்லப்படவில்லை. நுவரெலியாவில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் கள அலுவலராகச் சேர்ந்த முதல் நாளன்றே அந்தக் குறை தீர்ந்தது. ஒரு சீடி பிளேயரைப் பழுது பார்ப்பதிலிருந்து தொடங்குமாறு பணிக்கப்பட்டேன்.

இன்று களப்பணிக்கு வரும் இளையோர் பலர் அந்தக் கருவியைக் கண்டிருக்க மாட்டார்கள். உள்ளங்கையை விரித்தால் அதில் அடங்கிவிடும் வட்டப் பெட்டி. மூடியைத் திறந்து சீடியை வைத்து, மூடி, பிளே பொத்தானை அழுத்தினால் பாடும். எங்கள் நிறுவனம் தாய்மாருக்கான விழிப்புணர்வுத் திட்டம் ஒன்றின்கீழ், தோட்டங்களில் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராக்களுக்கு இதில் ஒவ்வொன்றை வழங்கியிருந்தது. கூடவே ஒரு ஒலிபெருக்கியும், கை கழுவுவது எப்படி என்று விளக்கும் ஒரு சீடியும். அந்தத் தாய்மார் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் தண்ணீர்க் குழாய் இல்லை என்பது திட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை.

இதற்கான பயிற்சிப் பட்டறை நகரத்து ஹோட்டல் ஒன்றில் நடந்ததாக அறிந்தேன். அதில் கலந்துகொண்டவர்களை விசாரித்தபோது பகற்சாப்பாட்டைப் பற்றி எல்லாரும் விரிவாகச் சொன்னார்கள். பொத்தான்களைப் பற்றி ஒருவருக்கும் நினைவில்லை.

"இங்க பாருங்க மிஸ், பெரிய விசயம் ஒண்டும் இல்ல," என்றார் கொழும்பிலிருந்து வந்திருந்த எங்கள் திட்ட இயக்குநர். "இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டத்துல நம்மட சாமானப் பழுதாக்கி வச்சிருக்காங்களாம். போய்ச் சரி பண்ணிட்டு, ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. ஃபோட்டோவுல சனம் சிரிச்ச முகமா இருக்கணும். நம்மட ஸ்டிக்கர் தெளிவாத் தெரியணும்."

"எனக்கு ரிப்பேர் வேலை தெரியாதே சேர்."

"நீங்க டிகிரி முடிச்சவங்கதானே?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பொருத்தமான பதில் இல்லை.

2. பழுதில்லாத பழுது

பஸ்ஸை விட்டிறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறிச் சென்றேன். கருவி பிள்ளைக் காம்பராவில் இல்லை. மாரியம்மன் கோயிலில், அம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் இருந்தது. கோயிலின் பழைய செட் கெட்டுப்போனதிலிருந்து, காலையில் கோயிலுக்கும் பகலில் பிள்ளைகளுக்கும் என்று அது இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் அறிக்கைகளில் ஒரு வேலை மட்டுமே பதிவாகியிருந்தது.

பூசாரி மாரிமுத்து என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒடையலிங்க மிஸ். ஒடைஞ்சிருந்தாப் பரவாயில்ல, பாடாமக் கெடக்கும். இது பாடுது. அதுதான் வில்லங்கம்."

அவர் விளக்கிய விவரம் இது. முன்பு ஃபெக்டரியில் சங்கு ஊதும். அதைக் கேட்டுத்தான் தோட்டம் எழும், சமைக்கும், பெரட்டுக்குப் புறப்படும். பெரட்டு என்றால் காலையில் எல்லாரும் களத்தில் கூடி, பேர் போட்டு, அன்றைய மலைக்குப் பிரிந்து செல்வது. ஃபெக்டரியை மூடிக் கொழுந்தை வேறிடத்துக்கு அனுப்பத் தொடங்கியதும் நிர்வாகம் சங்கையும் நிறுத்திவிட்டது. ஊதுவதற்குச் சங்கு இல்லாவிட்டாலும் நேரத்துக்கு வரவேண்டும் என்ற விதி மட்டும் சிக்கனத்துக்கு உட்படவில்லை.

அந்த இடத்தைக் கோயில் பாட்டு எடுத்துக்கொண்டது. எப்போதும் ஒரே சீடி, ஒரே வரிசை. பிள்ளையார் பாட்டு வந்தால் அடுப்புப் பற்றவைப்பது. முருகன் பாட்டுக்கு ரொட்டி தட்டுவது. சிவன் பாட்டுக்குப் பிள்ளைகளை எழுப்புவது. அம்மன் பாட்டுத் தொடங்கும்போது இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட வேண்டும். யாரும் இதைக் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. லயத்துக்கு லயம் தானாகப் பழகிப்போன ஏற்பாடு.

"போன வாரம் ஒங்க ஆபீஸ் தம்பி ஒருத்தர் வந்து ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போனாருங்க. மறுநாள் காலையில போட்டா, மொதல் பாட்டே அம்மன் பாட்டு. பொம்பளைங்க அரக்கப் பரக்க ஓடிப்போய்ப் பெரட்டுல நின்னா, அங்க ஒரு ஈ காக்கா இல்ல. என்னயப் பிடிச்சு ஏசுனாங்க பாருங்க, எனக்கு ஏழு ஜென்மத்துக்குக் காணும்."

"அதுக்கு அடுத்த நாள்?"

"சீடிய வெளிய எடுத்துத் தொடச்சு, சாமி கும்பிட்டு, இன்னைக்கு ஒழுங்காப் பாடும்னு லயத்துக்கு லயம் போய்ச் சொல்லிட்டுத்தான் போட்டேன். அன்னைக்கு நாலாவதா வர வேண்டிய அம்மன் பாட்டு, சீடியில உள்ள அத்தன பாட்டும் முடிஞ்சு கடைசியா வந்துச்சு. எல்லாரும் லேட்டு."

சீக்கிரம் வந்த நாளைப் பற்றி நிர்வாகம் எந்த விசாரணையும் வைக்கவில்லை. தாமதமான நாளன்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது. அவர்களில் தவமணி என்ற பெண்ணிடம் மட்டும், இனிப் பெரட்டுப் பக்கமே வரவேண்டாம் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சொல்லிவிட்டார்.

3. தவமணி

தவமணி கணவனை இழந்தவர். இரண்டு பெண் பிள்ளைகள். இளையவளுக்கு இழுப்பு, அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நாள்களில் தவமணி பெரட்டுக்குப் பிந்தியிருக்கிறார். இன்னொரு முறை பிந்தினால் பேர் வெட்டப்படும் என்று துரை ஏற்கெனவே எச்சரித்திருந்தார். வீட்டில் ஒருவருடைய பேராவது தோட்டத்து செக்ரோலில், அதாவது வேலையாள் பதிவேட்டில், இருந்தால்தான் லயக் காம்பராவில் குடியிருக்கலாம். அந்தக் குடும்பத்தில் இருந்தது அவருடைய பேர் ஒன்றுதான். அது போனால் காம்பராவும் போகும்.

அவருடைய காம்பராவுக்குப் போய், கைப்பேசியில் நேரம் பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். படித்தவர்களுக்கே உரிய கேள்வி.

"போனு ஒண்ணுதானுங்க மிஸ். மூத்தவ ஹட்டன்ல கடையில நிக்கிறா, அவகிட்ட இருக்கு. இருந்தாலும் என்னா? ஒரு கையில மாவு, ஒரு கையில இருமுற புள்ள. காது ஒண்ணுதான் சும்மா இருக்கும்."

பிறகு சற்றுத் தயங்கி, "நாளைக்கு ஆபீஸ்ல விசாரணையாம். பாட்டாலதான் லேட்டாச்சுன்னு சொன்னா சிரிப்பாங்க. நீங்க வந்து சொல்வீங்களா மிஸ்?" என்றார்.

4. கருவியை இயக்கும் முறை

இந்த இடத்தில் இளையோர் கொஞ்சம் தொழில்நுட்பம் அறிந்துகொள்வது நல்லது. அந்த வகை சீடி பிளேயரில் மோட் என்றொரு சிறு பொத்தான் உண்டு. அதை அழுத்த அழுத்த, வரிசையாகப் பாடுவது, ஒரே பாட்டைத் திரும்பப் பாடுவது, ஷஃபிள், அதாவது கலைத்துப்போட்டுப் பாடுவது என்று முறை மாறும். எந்த முறையில் இருக்கிறது என்பதைப் பக்கத்தில் உள்ள சிறு திரை காட்டும். நிறுத்திவிட்டு மறுநாள் போட்டாலும் கடைசியாக இருந்த முறையைக் கருவி மறப்பதில்லை. எங்கள் தலைமையகத்துக்கு இல்லாத குணம் அது.

பூசாரியால் ஏன் முறையை மாற்ற முடியவில்லை என்று பார்த்தேன். மோட் பொத்தானையும் திரையையும் ஒருசேர மூடியபடி, நிதி வழங்கிய அமைப்பின் வண்ணச் சின்னம் ஒட்டப்பட்டிருந்தது. தடித்த பிளாஸ்டிக். மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் கீழே பதிந்திருந்த பொத்தானுக்கு எட்டாது. பாட வைப்பதற்கும் நிறுத்துவதற்கும் உரிய பொத்தான்கள் மட்டும் வெளியே இருந்தன. மக்களுக்கு வலுவூட்டுவதற்கு அவ்வளவு போதும் என்று கருதியிருக்க வேண்டும்.

இயக்குநருக்குத் தொலைபேசியில் அழைப்பெடுத்தேன். தாய்மாருக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்கச் செய்திகளைக் கலைத்துப்போட்டு ஒலிக்கவிட வேண்டும் என்பது தலைமையகத்தின் அறிவுறுத்தலாம். எனக்கு முன் இருந்த அலுவலர் அதன்படி ஷஃபிளில் வைத்து, மேலே சின்னத்தை ஒட்டிவிட்டு, வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார்.

"அப்ப ஸ்டிக்கரக் கழட்டிட்டு மாத்திவிடுறேன் சேர்."

"கழட்டிராதீங்க மிஸ். சின்னம் இருக்கணும்கிறது ஒப்பந்தத்துல இருக்கு. கோயிலுக்குக் கொண்டுபோனது அவங்கட பிழை. தவறான பாவனைண்டு எழுதிட்டு சாமான எடுத்துக்கிட்டு வாங்க. விசாரணைக்கெல்லாம் நீங்க போகத் தேவல்ல."

அன்றிரவு பிள்ளைக் காம்பரா ஆசிரியையின் வீட்டில் தங்கினேன். இரு பக்கத்தையும் எண்ணிப் பார்த்தேன். தவறான பாவனை, அதாவது முறைகேடான பயன்பாடு, என்று எழுதினால் நிறுவனத்தின் பெயர் தப்பும், என் வேலையும் தப்பும், பூசாரி குற்றவாளியாவார், தவமணியின் சொல்லுக்குச் சாட்சியாகக் கருவிகூட அங்கே மிஞ்சாது. உண்மையைச் சொன்னால் ஒரு ஸ்டிக்கர் கிழியும். நெறிமுறை பற்றிய பாடத்தில் நான் படித்த சிக்கல்கள் இதைவிடக் கடினமாக இருந்தன.

5. விசாரணை

தோட்டத்து ஆபீசில் துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், பெரட்டில் பேர் போடும் கணக்கப்பிள்ளை நின்றார். தவமணியும் பூசாரியும் வாசலோரம். எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. பட்டத்தின் பயன்களில் அதுவும் ஒன்று.

"மிஸ், இது தோட்டம். கோயில் இல்ல," என்றார் துரை. "பெரட்டுன்னா பெரட்டு. பாட்டு கேட்டு வேலைக்கு வாறதுன்னு நான் எங்கயும் கேள்விப்பட்டது இல்ல."

"சங்கு ஊதுறப்ப சங்கக் கேட்டு வந்தோமுங்க தொர," என்றார் தவமணி, தலையைத் தூக்காமல். "சங்க நிப்பாட்டிட்டீங்க. அப்பறம் கேக்கிறதுக்குக் கோயில்தானுங்க இருந்துச்சு."

"எனக்குக் கத வேணாம்."

நான் கருவியை மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் இணைத்தேன். பூசாரி கொடுத்த சீடியைப் போட்டேன். முதலில் சிவன் பாட்டு வந்தது. அடுத்ததற்குத் தள்ளினேன், பிள்ளையார் பாட்டு.

"பாடுதுதானே?" என்றார் துரை.

நகத்தால் சின்னத்தின் ஓரத்தை நெம்பி, முழுவதுமாக உரித்தெடுத்தேன். திரையில் ஷஃபிள் என்று எழுத்துத் தெரிந்தது. துரைக்குக் காட்டினேன். மோட் பொத்தானை அழுத்தி வரிசைக்குக் கொண்டுவந்து, மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். பிள்ளையார் பாட்டு முடிந்து முருகன் பாட்டுத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து, துரையின் பங்களாச் சமையற்காரர் சுப்பையா தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். பாட்டைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"இப்பதாங்க தொர ஒழுங்காப் பாடுது. அன்னைக்கு மாதிரி இல்ல."

"அன்னைக்கு என்னா?"

"பெட் டீ ஏன் லேட்டுன்னு ஏசுனீங்களே, தொர. முருகன் பாட்டு வந்தாத்தானுங்க நான் கேத்தல அடுப்புல வைக்கிறது. அன்னைக்கு முருகன் நேரத்துக்கு வரவே இல்ல. அதுனாலதான் தொரயும் எந்திரிக்க..."

ஆபீசில் முருகன் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை நான் பூசாரியிடம் ஏற்கெனவே கேட்டறிந்திருந்தேன். பிந்தி வந்த பெண்களைக் கணக்கப்பிள்ளை ஓரமாக நிறுத்திவைத்தார். துரை வந்து முடிவு சொல்லட்டும் என்று எல்லாரும் காத்து நின்றார்கள். துரை வெகுநேரம் கழித்து வந்து, நேரத்தின் அருமையைப் பற்றிப் பேசிவிட்டு, தவமணியின் பேரை வெட்டச் சொன்னார். களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் இது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

துரை கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நான் லேட்டா?"

கணக்கப்பிள்ளை கொஞ்சமும் யோசிக்கவில்லை. அவருடைய பணிக்காலம் முழுவதும் இந்தக் கேள்விக்காகவே பயிற்சி பெற்றவர்போலச் சொன்னார்.

"அதெப்படிங்க தொர? தொர வர்ற நேரம்தானே பெரட்டு நேரம்."

நான் அந்த வாக்கியத்தைத் தவறவிடவில்லை. "அப்படின்னா, தவமணியம்மா துரைக்கு முன்னாடியே வந்து நின்னிருக்காங்க. பெரட்டு நேரத்துக்கு முன்னாடியே வந்தவங்கள லேட்டுன்னு எப்படிச் சொல்றது?" என்றேன்.

கணக்கப்பிள்ளை கூரையைப் பார்த்தார். சுப்பையா தேநீரை மேசையில் வைத்தார். துரை கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். கோபப்படுவார் என்றே எதிர்பார்த்தேன். தன் தாமதத்தை ஒப்புக்கொள்வதைவிட, தன் வரவே நேரம் என்பதை ஒப்புக்கொள்வது அவருக்கு எளிதாக இருந்திருக்க வேண்டும்.

"தவமணி, நாளைக்குப் பெரட்டுக்கு வா," என்றார். பிறகு பூசாரியிடம், "இந்த மெசினுல இனி யாரும் கை வைக்கக் கூடாது. பாட்டு வரிசை மாறக் கூடாது," என்றார். சங்கை நிறுத்திய நிர்வாகம் அன்று முதல் கோயில் பாட்டின் காவலரானது.

6. பிற்சேர்க்கை

உரித்த சின்னத்தைப் பெட்டியின் அடிப்புறத்தில் ஒட்டினேன். இயக்குநர் கேட்ட புகைப்படத்தை, பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து எடுத்து அனுப்பினேன். தொலைபேசியில் கடிந்துகொண்டார். ஆனால், இசைவழி நேர முகாமைத்துவம் என்ற தலைப்பில் இதே தோட்டம் பின்னர் எங்கள் நிறுவனத்தின் வெற்றிக் கதைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. நிதி வழங்கியவர்கள் மிகவும் மகிழ்ந்தார்களாம். என் வேலை தப்பியது என்னுடைய நேர்மையாலா, அந்தத் தலைப்பாலா என்று இன்னும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதன்பின் எத்தனையோ கருவிகளை எத்தனையோ தோட்டங்களுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். பொத்தான்களை விளக்குவதற்கு முன்னால், இது இங்கே ஏற்கெனவே யாருக்கு என்ன வேலை செய்கிறது என்று கேட்கப் பழகிக்கொண்டேன். அறிக்கைப் படிவத்தில் அதற்கு நிரலும் இல்லை, நிதியும் இல்லை. ஆனாலும் கேளுங்கள்.

விசாரணை முடிந்து இறங்கி வந்த வழியில் நான் அந்த ஞானத்தை இன்னும் அடைந்திருக்கவில்லை. ஆகவே தவமணியிடம், லயத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வீதம் வழங்குமாறு நிறுவனத்துக்கு எழுதப்போவதாக உற்சாகத்தோடு சொன்னேன். அவர் நின்று யோசித்தார்.

"வேணாங்க மிஸ். கடிகாரம் குடுத்தா நான் மட்டும்தான் நேரத்துக்கு எந்திரிப்பேன். பாட்டுன்னா தொரையும் சேந்துல்ல எந்திரிப்பாரு."