தப்பே இல்லாததற்குப் போட்ட சைபர்

நேற்று கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால், என் சுடிதார்க் கையில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். பனியனில் பழுது இருக்கும் இடத்தைக் காட்ட செக்கிங்கில் ஒட்டுவோமே, அதுதான். பஸ்ஸில் எத்தனை பேர் பார்த்துச் சிரித்தார்களோ!

அதைப் பிய்க்கும்போதே காலேஜ் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் திருப்பூரில் பின்னலாடைப் படிப்புக்கென்றே இருந்த கல்லூரி. சீட் கிடைப்பது குதிரைக் கொம்பு. நான் வாங்கினேன், அதில் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. தையல் வாத்தியார் மார்க் போடுவது, சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையர் பார்ப்பது மாதிரி. வாரம் ஆறு பனியன் தைத்து வெள்ளிக்கிழமை மேசையில் வைக்க வேண்டும். ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் பத்து மார்க் போச்சு. மூன்று ஒட்டினால் ஆறையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். இதற்கு நடுவே நூல் கணக்கு, சாயக் கெமிஸ்ட்ரி, ரெக்கார்டு நோட்டு வேறு. மூச்சுவிட நேரம் கிடையாது. அவர் கொங்குக்காரர், ஃபெயில் என்பதைக்கூட 'ங்க' சேர்த்துத்தான் சொல்வார்.

வகுப்பில் பாதிப் பேர் கம்பெனி முதலாளி வீட்டுப் பிள்ளைகள். அப்பாவின் டெய்லரிடம் கொடுத்துத் தைத்து வாங்கிவந்துவிடுவார்கள். எனக்கு அம்மாவே பனியன் கம்பெனி டெய்லர். சாத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். ஓரம் மூட்டும் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் ராணி. லீவு நாட்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் பழகினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை என் ஆறு பனியனிலும் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. மார்க் பேப்பரைப் பார்த்தால் சைபர்.

"கம்பெனி டெய்லர் தெச்சதுக்கு நான் எப்படிங்க மார்க் போடறது?" என்றார் வாத்தியார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சராசரி இறங்கினால் ஃபீஸ் சலுகை போய்விடும். சலுகை போனால் படிப்பே போச்சு. "நான் தெச்சது சார். இங்கயே தெச்சுக் காட்டவா?" என்றேன். வெட்டி வைத்த ஆறு பனியன்களை என் பக்கம் தள்ளி, "சைடு மூட்டுங்க கண்ணு, பாக்கலாம்" என்றார்.

உட்கார்ந்தேன். அம்மா செய்வதுபோலவே, ஒன்று முடிந்ததும் நூலை வெட்டாமல் அடுத்ததைச் சொருகி, ஆறையும் தோரணமாக இறக்கினேன். கம்பெனியில் அப்படித்தான், நின்று நின்று வெட்டினால் டார்கெட் வராது. வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. அடேயப்பா, அன்றைக்கு எனக்கு இருந்த கெத்து!

அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, ஆறாவதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். "கடைசீல அவசரப்பட்டுட்டீங்க." சைபரை அடித்துவிட்டுத் தொண்ணூறு போட்டார்.

வீட்டில் அம்மா தொண்ணூறைக் கண்டுகொள்ளவே இல்லை. அடித்த சைபரைத்தான் தடவிப் பார்த்தாள்.

"ஏட்டி, கம்பெனி டெய்லர் தெச்சதுன்னா நெனச்சாரு? நெசமாவா?"

"ஆமாம்மா."

"அப்ப அது எனக்குல்ல போட்ட மார்க்கு!"

மறுநாள் அந்தப் பேப்பரைக் கம்பெனிக்குக் கொண்டுபோய், லைனில் இருந்த அத்தனை பேருக்கும் காட்டிவிட்டு வந்தாள்.

இப்போது அந்தக் காலேஜ் தையல் ஹாலில் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. போட்டோ எடுத்து அனுப்பினால் மார்க் வந்துவிடுமாம். யாருக்கும் சைபர் கிடையாதாம். கிடக்கட்டும். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. வேலையில் எனக்கு வருஷா வருஷம் நல்ல கிரேடுதான் போடுகிறார்கள். அதை ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டத்தான் ஆள் இல்லை.