மே மாசத்தின் மூன்று பட்டைகள்

“மனுஷன் கேட்கிற எந்தக் கேள்விக்கும் இந்த மூணு பட்டையில பதில் இருக்கு. இதுல அடங்காத கேள்வி ஒண்ணே ஒண்ணைக் கொண்டு வாங்க, நான் மீசையை எடுத்துடறேன்.”

மே மாசம் இப்படிச் சவால் விட்டபோது, புகார்ப் பிரிவின் ஆறு பேரும் தேநீரை வாயருகே நிறுத்திக்கொண்டு கேட்டார்கள். எதிர்த்துப் பேச ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது ஒரு காரணம். அவர் சொன்னது உண்மை என்பது இன்னொரு காரணம்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில், புகார்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது அவர் உத்தியோகம். இருபத்தாறு வருஷ சர்வீஸ். எந்தக் கடிதத்தைத் திறந்தாலும் ‘மே’, அதாவது ‘லாம்’, என்றொரு சொல் உட்கார்ந்திருந்ததால், பிரிவு கூடி அவருக்கு மே மாசம் என்று பெயர் வைத்தது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. ஆடம்பரம் என்று அவரிடம் இருந்தது மீசை ஒன்றுதான். அதற்கென்று சட்டைப்பையில் தனிச் சீப்பு வைத்திருந்தார்.

பலகையை அவரே செய்தார். சட்டத்துக்குள் மேலும் கீழும் நகர்கிற மூன்று மரப்பட்டைகள். நடுவில் ஒரு ஜன்னல். முதல் பட்டையில் ஐ, யூ, வி, ஹி, ஷி, தே. இரண்டாவதில் மே, கேன், ஷல், வில், ஷுட், மஸ்ட். மூன்றாவதில் வெயிட், இன்கொயர், இன்ஃபார்ம் என்று நாற்பது வினைகள். மூன்றையும் நகர்த்தி ஜன்னலில் தெரிவதைப் பார்த்து எழுதினால் வாக்கியம் ரெடி.

நடுப்பட்டைதான் அதிகாரி என்று அவர் புதிதாய்ச் சேருகிறவர்களுக்கு விளக்குவார். முன்னால் ‘ஹி’ வந்தாலும் ‘தே’ வந்தாலும் மே முகம் மாறாது. பெரிய இடம், சின்ன இடம் என்று பார்க்காது. பின்னால் வருகிற வினை ‘எஸ்’, ‘ஈடி’ என்ற வாலையெல்லாம் வெளியே கழற்றி வைத்துவிட்டு மொட்டையாக வந்து கைகட்டி நிற்கவேண்டும். இவ்வளவு ஒழுங்கான ஆபீசை அவர் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிரிவின் வேலைமுறையும் பலகைக்குத் தோதாக இருந்தது. தபால் பிரிக்கிற அக்கா, பாரபட்சம் வரக்கூடாதென்று, கடிதத்தின் பெயர், விலாசப் பகுதியைக் கிழித்துத் தன் பெட்டியில் பூட்டிவிட்டு நம்பர் போடுவாள். பிறகு முக்கியமான வினை ஒன்றைச் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டு அனுப்புவாள். மே மாசம் அந்தச் சிவப்பை மட்டும் பார்ப்பார், பட்டையை நகர்த்துவார், எழுதுவார், கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சுழி போடுவார். ஒரு நாளைக்கு முப்பது கடிதம். முழுக் கடிதத்தைப் படித்தால் பத்துகூடத் தேறாது.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிட வர்றீங்களா என்றால் வரலாம் என்பார். கதவைப் பூட்டினீங்களா என்றால் பூட்டியிருக்கலாம் என்பார். கல்யாணத்தன்று சம்மதமான்னு கேட்டதுக்கும் பரிசீலிக்கிறேன்னுதான் சொன்னார் என்று மனைவி விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

நாலு மாதத்துக்கு முன் அவள் அதே ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் செத்துப்போனாள். மூச்சுத்திணறல். ஒரு வாரம் கழித்து மே மாசம் இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்கு வந்தார். துக்கம் விசாரித்தவர்களின் பேச்சு பக்கத்து அறை ரேடியோ போலக் கேட்டது. சோறு சோறாகத்தான் இருந்தது, தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. அழுகை வரலாம் என்று காத்திருந்தார். வரவில்லை. அதையும் நிலுவையில் வைத்துவிட்டு முப்பது கடிதம் எழுதினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் வந்தாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எதையும் நேராகப் பார்க்கிற பெண். ஒரு உறையை மேஜைமேல் வைத்தாள். அம்மா விஷயமாக ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதியிருந்தாளாம். அப்பாவின் வேலைக்கு ஏதும் ஆகிவிடக்கூடாதே என்றுதான் சொல்லவில்லையாம். பதில் வந்திருந்தது.

யூ மே வெயிட். வி ஷல் இன்கொயர். தே வில் இன்ஃபார்ம்.

“காத்திருக்கலாமாம்ப்பா,” என்றாள். “எந்தப் புண்ணியவான் எழுதினானோ. நான் கேட்டது ஒரே கேள்வி. ரெண்டரையிலேர்ந்து அஞ்சு பத்து வரைக்கும் அம்மாவை லிஃப்ட் பக்கத்துல தள்ளுவண்டியிலயே போட்டிருந்தாங்க. நீங்க மேல வேலையில இருந்தீங்க, நான் மருந்துச் சீட்டோட கவுன்டர் கவுன்டரா ஓடிக்கிட்டிருந்தேன். அந்த நேரத்துல யாராவது ஒருத்தர் அவங்க பக்கத்துல வந்தாங்களா, இல்ல தனியாவே கிடந்தாங்களா? அது தெரியாம எனக்குத் தூக்கமே வரலப்பா.”

கடிதத்தின் கீழே சுழி இருந்தது. அதை அவர் ஒருமுறை பார்த்தார். இன்னொருமுறை பார்க்கத் தேவைப்படவில்லை.

“பார்க்கலாம்,” என்றார்.

“நீங்களுமா?” என்று மட்டும் சொல்லிவிட்டு மகள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் தபால் அக்காவிடம் நம்பரைச் சொல்லிப் பழைய கடிதத்தைக் கேட்டார். பதில் அனுப்பியாச்சே, அதை எதுக்குக் கிளறுறீங்க என்றாள் அக்கா. படிக்கணும் என்றார். படிக்கணுமா என்று அவள் திரும்பக் கேட்டாள். அந்தப் பிரிவில் அப்படியொரு வேண்டுகோள் அதுவரை வந்ததில்லை.

இரண்டு பக்கம். அவள் சின்ன வயதில் கோடு போட்ட நோட்டில் எழுதிய அதே சாய்ந்த எழுத்து. ‘காத்திருந்தார்கள்’ என்று சொல்லும் இடத்தில் சிவப்புக் கோடு. அந்தக் கோட்டை மட்டும் பார்த்துத்தான் அவர் வெயிட் பட்டையை நகர்த்தியிருந்தார்.

பலகையை எடுத்தார். ‘ஷி’யை வைத்து நடுப்பட்டையை மேலிருந்து கீழ்வரை தள்ளினார். காத்திருக்கலாம், காத்திருக்க முடியும், காத்திருப்பாள், காத்திருக்கவேண்டும். ‘ஐ’யை வைத்துத் தள்ளினார். ஆறு அதிகாரிகளும் வரிசையாக வந்து போனார்கள். நடக்கக்கூடியது, நடக்கவேண்டியது எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. நடந்ததற்கு ஒருவருமில்லை. சாயங்காலம்வரை தள்ளினார். அன்றைய முப்பதும் அப்படியே கிடந்தன.

பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் தமிழில் எழுதினார்.

‘நாலு மணிக்கு நான் வந்தேன். ஐந்து நிமிஷம் நின்றேன். படுக்கை கிடைக்குமா என்று அம்மா கேட்டாள். கிடைக்கலாம் என்றேன். என் கையைப் பிடித்திருந்தாள். மேலே எட்டுக் கடிதம் பாக்கி இருந்தது. கையை எடுத்துவிட்டுப் போனேன். அதன்பிறகு நான் இறங்கி வரவில்லை. உனக்கு வந்த பதிலை எழுதியதும் நான்தான்.’

சுழி போடவில்லை. முழுப் பெயரையும் எழுதினார். மகள் வீட்டுக்குப் போகிற வழியில் முடிதிருத்தும் கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தார்.

மகள் கதவைத் திறந்தாள். கையிலிருந்த தாளைப் பார்க்கவில்லை; முகத்தைத்தான் பார்த்தாள்.

“மீசை எங்கப்பா?”

அவர் தாளை நீட்டினார்.