அக்காவின் முதுகெலும்பும் அம்மனுக்கு வைத்த நேர்த்தியும்

அக்காவின் வலது மணிக்கட்டு முறிந்தது குளியலறை வாசலில். விழுந்த உயரம் ஒரே ஒரு படி. அறுபத்திரண்டு வயதில் ஒரு படியிலிருந்து விழுந்து எலும்பு முறிந்ததை மருத்துவர் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. எலும்பின் அடர்த்தியைப் பார்க்க அனுப்பினார். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயுமாம். அக்காவுக்கு அது நாற்பத்தைந்திலேயே நின்றுவிட்டது. முடிவு வருவதற்குள் மாவுக்கட்டையும் கழற்றிவிட்டார்கள், கையும் பொருந்தியிருந்தது. ஆனால் முதுகெலும்பில் ஒன்று ஏற்கெனவே அமுங்கியிருந்தது. சேலை நிலத்தில் இழுபடுகிறது என்று அக்கா கொஞ்சக் காலமாகச் சொல்லி வந்தார். செருப்பை மாற்றியதால் என்று நினைத்திருந்தோம்; குறைந்தது அவருடைய உயரம்.

வாரத்துக்கு ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார் மருத்துவர். விடியவே வெறும் வயிற்றில் விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். கடைசியாக, குனிந்து பாரம் தூக்குவதுண்டா என்று கேட்டார்.

“இல்லைப் பிள்ளை. ஆனால் ஒரு நேர்த்தி கிடக்கு,” என்றார் அக்கா.

கட்டுப் போட்ட அன்றைக்கே அம்மனுக்கு வைத்த நேர்த்திக்கடன். கை பொருந்தினால் தேரன்று அடியழிப்பது. மருத்துவர் கொழும்பில் வளர்ந்தவர். எப்படிச் செய்வது என்று கேட்டார். அக்கா கதிரையைத் தள்ளிவிட்டு முழங்காலை மடக்கத் தொடங்கினார்.

“ஐயோ அம்மா, காட்ட வேண்டாம்! வாயாலை சொல்லுங்கோ!”

நான் சொன்னேன். தேருக்குப் பின்னால் மூன்று அடி வைத்து, முழங்காலில் இருந்து, நெற்றி நிலத்தில் படக் கும்பிட்டு, எழும்பி, மறுபடி மூன்று அடி. இப்படியே கோயிலின் வெளிவீதி முழுவதும்.

“எவ்வளவு வேணுமெண்டாலும் நடவுங்கோ, எலும்புக்கு நல்லது. உந்தக் குனியிறது மட்டும் வேண்டாம். இன்னொரு எலும்பு அமுங்கினால் நிமிரவே ஏலாமல் போகலாம். ஐயரிட்டைக் கேட்டு மாத்தேலாதோ?”

எண்ணிப் பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது என்று பத்திரிகையில் பழகியவள் நான். அடுத்த வெள்ளிக்கிழமை வீதியைச் சுற்றி நடந்து பார்த்தேன். நானூற்றுப் பதினான்கு அடி. அப்படியென்றால் நூற்று முப்பத்தெட்டுத் தரம் குனிய வேண்டும். அக்காவிடம் சொன்னேன்.

“உதை உன்ரை பேப்பரிலை போடு. அம்மன் எண்ணிக்கொண்டிருக்கிறேல்லை.”

இருவருமாக ஐயரிடம் போனோம்.

“உதை டொக்டரிட்டையெல்லோ கேக்க வேணும்?” என்றார் ஐயர்.

“டொக்டர்தான் உங்களிட்டைக் கேக்கச் சொன்னவ,” என்றேன்.

ஐயர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப கற்பூரச்சட்டி எடுங்கோ. நிமிர்ந்துதானே நடக்கிறது.”

அக்காவுக்குத் திருப்தியில்லை. “சொன்னது ஒண்டு, செய்யிறது ஒண்டோ? அம்மன் தந்த கையைத் திரும்ப எடுத்துப்போட்டா எண்டால்?” என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்டார். எனக்கு அவருடைய முதுகை நினைத்துப் பயம், அவருக்குக் கையை நினைத்துப் பயம். என்ன முடிவெடுப்பார் என்று அறிய ஆவலாக இருந்தேன்.

தேரன்று காலை மண்சட்டியோடு வந்து நின்றார். வேப்பிலையை அடியில் வைத்து, சட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, எரியும் கற்பூரத்தோடு மணலில் நடந்தார். யாரும் தட்டிவிடாமல் நான் பக்கத்தில் போனேன். அடியழித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, நெற்றியில் மணலோடு நிமிர்ந்து பார்த்தார்.

“என்னக்கா, இந்த முறை மகாராணி மாதிரிப் போறியள்?”

“எலும்புக்குச் சீமெந்து போட்டிருக்கு. காயுமட்டும் குனியேலாது.”

அந்தப் பெண் சிரித்துவிட்டு, அடுத்த மூன்று அடிக்கு எழும்பினார்.

தேர் இருப்பிடத்துக்கு வந்ததும் அக்கா சட்டியை இறக்கி வைத்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்காலில் இருந்தார். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் காட்டியபடி முதுகு நேராகத்தான் இருந்தது. சுற்றிலும் நெற்றிகள் நிலத்தில் பட்டன. அக்கா கண்ணை மூடினார். தலை இனிக் கீழே போகுமா என்று அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

“பிடியடி, எழும்பப்போறன்.”

தூக்கிவிட்டேன். “இவ்வளவு நேரமும் என்ன கேட்டனீங்கள்?”

“ஒண்டும் கேக்கேல்லை. குறை நினையாதை தாயே எண்டு சொன்னனான்.”

“அம்மன் என்ன சொன்னவ?”

அக்கா வலது கையை நீட்டி, மணிக்கட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இன்னும் நோகேல்லை,” என்றார்.